ஸ்டாண்டர்டு கெடாது

வா அம்மிணி, உள்ள வா. செருப்பு அங்கயே கெடக்கட்டும். அந்தாளு வேண்டாம், கேட்டுக்கு வெளியவே நிக்கட்டும். வெய்யிலெல்லாம் அவனுக்குப் பழக்கந்தான். அவனையும் கூட்டிட்டு வர்றேன்னு போன்ல நீ சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தா வராதேன்னு சொல்லியிருப்பேன், அதனாலதான் சொல்லலையாக்கும். கெட்டிக்காரிதான்.

உக்காரு. காப்பி போடட்டுமா? வேண்டாமா, சரி. நீதான் என் எடத்துக்கு வந்திருக்கற லேப் ஆபீசரா? உனக்கு நாப்பது இருக்குமா? ஓசூர்ல வேற கம்பெனில இருந்தேன்னு நம்ம மொதலாளி சின்னவர் சொன்னாரு. பெருந்துறைக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கெல்லாம் நம்ம மேட்டுப்பாளையத்து வழக்கம் புரியறதுக்குக் கொஞ்ச நாளாகும். பரவாயில்லை.

கடுதாசியைக் குடு. கண்ணாடியைப் போட்டுக்கறேன். "சிறுமுகை ஆறுக்குட்டி கொண்டுவந்த டீ ட்ரீ எண்ணெய் கலப்படமற்றது என்றும், அதைப் பற்றி நான் முன்பு அளித்த அறிக்கைகள் தவறானவை என்றும்..." ம். டைப் அடிச்சதெல்லாம் சுத்தமா இருக்குது. கீழ வத்சலான்னு என் பேரு, அதுக்கு மேல கையெழுத்துக்கு எடம். இதுல நான் கையெழுத்துப் போட்டாத்தான் எண்ணெய்க்காரங்க சங்கத்துல வெளிய நிக்கறானே, அவன் பேரைத் திரும்பச் சேர்ப்பாங்க. இல்லீன்னா இந்த அறுப்பையும் ஒருத்தரும் வாங்கமாட்டாங்க, மரத்தை வேரோட புடுங்க வேண்டியதுதான். அவ்வளவுதானே? நான் போடமாட்டேன்னு சொல்லலையே அம்மிணி. போடறேன். அதுக்கு முந்தி நடந்ததை நீ என் வாயால கேட்டுக்கோணும். எல்லாரும் அவன் வாயால கேட்டுட்டு வந்து என்னைப் பாக்கறாங்க.

டீ ட்ரீன்னா நம்ம தேயிலைச் செடின்னு நெனச்சுக்கிட்டு ஊட்டிக்குப் போற ஜனமெல்லாம் கம்பெனி வாசல்ல நின்னு போட்டோ எடுக்கும். இது வேற மரம், ஆஸ்திரேலியாக்காரன் மரம். எலையை ஆவில வேக வெச்சா எண்ணெய் வரும். இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனா இதைத் தமிழ்நாட்டுல மொதமொதல்ல மெஷின்ல ஏத்திப் பிரிச்சுப் பார்த்தது யாருன்னு நெனைக்கறே? சின்னவரோட அப்பா பெரியவர் உசுரோட இருந்தப்ப லேப் தொறந்து வெச்சு, "வத்சலா, இனி நீதான் எனக்குக் கண்ணும் மூக்கும்"னாரு. ஆஸ்திரேலியாவுல இருந்து வரவழைச்ச பாட்டிலை அவர் கையால என் கையில குடுத்தாரு. ஒரு லிட்டர். "இதுதான் ஸ்டாண்டர்டு. இதோட ஒத்து வந்தாத்தான் சரக்கு உள்ள வரோணும்"னாரு. பன்னெண்டு வருஷம் அந்த வாக்கைக் காப்பாத்தினேன்.

எப்படிக் காப்பாத்தினேன்னு கேளு. காலையில லேப்புக்குள்ள போனதும் மொத வேலை, ஜன்னலோரம் புள்ளையார் படத்துக்குப் பக்கத்துல பாட்டிலு இருக்கும், மூடியைத் தொறந்து ஒரு தடவை மோந்து பார்ப்பேன். அப்பறந்தான் பையைக் கீழ வெப்பேன். ஆயுத பூசைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வெப்பாங்கல்ல, நான் மெஷினுக்கு முந்தி அந்தப் பாட்டிலுக்குத்தான் சந்தனம் குங்குமம் வெப்பேன். மாலை போட்டு, மூடியைத் தொறந்து வெச்சு, கற்பூரம் காட்டுவோம். வாசனை ரூமெல்லாம் பரவும். பெரியவரே வந்து நின்ன மாதிரி இருக்கும் அம்மிணி.

ஏன் அப்படிப் பார்க்கறே?

தெரியும், நீ என்ன சொல்ல வர்றேன்னு தெரியும். காத்துப்பட்டா, வெளிச்சம் பட்டா, எண்ணெய் கெட்டு, அதுல இருக்கற காமா டெர்பினீன் உருமாறி பாரா சைமீன் ஆயிடும்னு எனக்கே பாடம் எடுக்கப் போறியா? நான் எண்பத்தாறுலயே எம்எஸ்சி கெமிஸ்ட்ரி. ஒவ்வொரு எண்ணெய்க்காரனுக்கும் தலை தலையா அடிச்சுச் சொன்னவளே நான்தான். கேனை வாய் வரைக்கும் நெப்பு, எடம் விடாதே, இறுக மூடு, வெய்யில்ல வெக்காதே, பாதி கேனை ஒரு வாரத்துக்கு மேல வெச்சிருந்தா எங்கிட்டக் கொண்டு வராதே. நோட்டீசே அடிச்சுக் குடுத்திருக்கறேன்.

என் பாட்டிலா? அது ஸ்டாண்டர்டு அம்மிணி. ஸ்டாண்டர்டு எப்படிக் கெடும்? நீ படிச்சவதானே.

சரி, கேளு. மொத நாலஞ்சு வருஷம் எல்லாரோட எண்ணெயும் ஒத்து வந்துச்சு. மெஷின்ல ஏத்தினா அது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மேடு வரைஞ்சு குடுக்குமல்ல, என் பாட்டிலோட சார்ட்டை டிரேசிங் பேப்பர்ல எடுத்து, அவங்க சார்ட்டு மேல வெச்சு, ஜன்னல் வெளிச்சத்துல புடிப்பேன். மேட்டு மேல மேடு உக்காரும். டெர்பினென் ஃபோர் ஆல்தான் நடுவுல பெரிய மேடு, நூத்துல நாப்பது. அதுக்கு இந்தப் பக்கம் காமா, ஆல்ஃபா. சினியோல் அஞ்சுக்குள்ள அடங்கி இருக்கோணும், மிஞ்சினா எவனோ ஊட்டித் தைலத்தை ஊத்திட்டான்னு அர்த்தம். ஒவ்வொரு மாசமும் என் பாட்டிலைப் புதுசா மெஷின்ல ஏத்தி, புது டிரேசிங் எடுப்பேன். பழசை வெச்சுக்கிட்டு ஒப்பேத்தற பழக்கம் எங்கிட்டக் கெடையாது.

அதுக்கப்பறம் ஜனங்க கெட்டுப் போச்சு. நான் அதைச் சார்ட்டுலயே பார்த்தேன், வருஷா வருஷம் நாணயம் கொறைஞ்சுட்டே வந்துச்சு. மொதல்ல ஒருத்தனோடது கொஞ்சம் வெலகுச்சு. அடுத்த வருஷம் மூணு பேரு. காமா டெர்பினீன் எல்லாருக்கும் எம்பாட்டில்ல இருக்கறதைவிட ஜாஸ்தி, பாரா சைமீன் ஒருத்தன்கிட்டயும் போதலை. என்னமோ ஒண்ணைக் கலக்கறானுக, என்னன்னுதான் புடிபடலை. கடைசியில ஒழுங்கா ஒத்து வந்தது ஈரோட்டு ஏவாரி ஒருத்தர் சரக்குதான். அவர் தகரக் கொட்டாயில ரெண்டு மூணு வருஷம் வெச்சிருந்து பொறுமையாக் கொண்டாருவாரு. மத்தவனெல்லாம் நேத்து வடிச்சதை இன்னைக்குத் தூக்கிட்டு ஓடி வருவானுக.

புஸ்தகத்துல பாரா சைமீன் மூணு நாலுன்னுதான் போட்டிருக்குது, வாஸ்தவம். எம்பாட்டில்ல பத்தொம்பது. புஸ்தகம் எழுதினவன் பெரியவர் குடுத்த எண்ணெயைப் பார்த்தானா?

இப்ப அவன் கதைக்கு வர்றேன். ஆறுக்குட்டி. சிறுமுகைக்கு அந்தப் பக்கம் பவானி ஓரத்துல வாழை போட்டிருந்த மூணு ஏக்கரை அழிச்சுட்டு இந்த மரத்தை வெச்சான். நாங்கதான் நாத்துக் குடுத்தோம். வடிக்கற பாய்லரும் சொந்தமாப் போட்டுக்கிட்டான். என்னைவிட நாலு வயசு மூத்தவன், இருந்தாலும் நான் யாரையும் லேப் வாசல்ல 'நீ'ன்னுதான் பேசறது. மரியாதை குடுத்தா எடை போடறப்ப கை நடுங்கும்.

மொத ட்ரம்மு கொண்டு வந்தான். கண்ணாடி மாதிரி இருந்துச்சு எண்ணெய். அதுவே எனக்குச் சந்தேகம். எம்பாட்டில்ல இருக்கறது நல்ல மஞ்சள். ஒரு சொட்டைக் காயிதத்துல விட்டு மோந்தேன். எம்பாட்டில் மூக்குல சுருக்குனு ஏறும், இவனோடது வெறுமனே பச்சை எலை வாசம். சார்ட்டு ஒத்து வரலை. செவப்பு மையில எழுதினேன்: ஒத்து வரவில்லை.

எங்க கம்பெனில திருப்பி அனுப்பற ட்ரம்முக்கு ஒரு வழக்கம் இருந்துச்சு, நான் வெச்ச வழக்கம். ட்ரம்மு மேல செவப்பு பெயிண்டுல பெருக்கல் குறி போட்டு, பக்கத்துல பேரை எழுதி, கேட்டுக்கு வெளிய பஸ் ஸ்டாப்புகிட்ட உருட்டி விட்டுடுவோம். சொந்தக்காரன் வந்து எடுத்துட்டுப் போற வரைக்கும் அங்கதான் கெடக்கும். சிறுமுகை பஸ், அன்னூர் பஸ், எல்லாம் அங்கதான் நிக்கும். நாலு பேர் பார்த்தாத்தான் அடுத்தவனுக்குப் பயம் வரும்.

ஏழு ட்ரம்மு அம்மிணி. ஒரே வருஷத்துல ஏழு ட்ரம்மு அவனோடது. ஆறுக்குட்டி, ஆறுக்குட்டி, ஆறுக்குட்டின்னு வரிசையா நின்னுச்சு. பஸ்ல போற ஸ்கூல் புள்ளைங்க எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படிக்கும். அவன் சம்சாரம் ஒருநாள் அந்த ஸ்டாப்புல எறங்காம அடுத்த ஸ்டாப்புல போய் எறங்கி நடந்து வந்துச்சுன்னு வாட்ச்மேன் சொல்லிச் சிரிச்சான். எனக்கும் சிரிப்பு வந்துருச்சு.

ஏழாவது ட்ரம்மு அன்னைக்கு நேரா லேப் வாசலுக்கு வந்துட்டான். "மேடம், கோவிச்சுக்காதீங்க. எதுக்கு ஒத்து வரோணும்னு நான் ஒருக்கா தெரிஞ்சுக்கறனுங்க. அந்தப் பாட்டிலை மோந்து பாக்கலாங்களா?"ன்னான். எந்த எண்ணெய்க்காரனும் அதுவரைக்கும் கேட்டதில்லை. சரி, நல்ல எண்ணெய்னா என்னன்னு பார்த்துக்கோன்னு நீட்டினேன். ஸ்டாஃபெல்லாம் நிக்கறாங்க. வாங்கி மோந்தான், மறுபடி மோந்தான். மூடியைப் போட்டு எங்கையிலயே திருப்பிக் குடுத்தான். அப்பறம் சத்தமில்லாமச் சொல்றான், "இது பழசாப் போச்சுங்க மேடம்."

எத்தனை பேர் முன்னாடி, தெரியுமா? எட்டு பேர். கூட்டிப் பெருக்கற பொம்பளை முதக்கொண்டு நின்னுட்டிருந்தா. பெரியவர் கையால வாங்கின பாட்டிலு. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு அம்மிணி. இன்னைக்கு நெனச்சாலும் எரியுது.

நான் கத்தலை. கத்தறது எனக்குப் புடிக்காது. "உக்காரு"ன்னேன். வராண்டாவுல தரையில உக்காந்தான். ஒரு வெள்ளைத்தாளைக் குடுத்து, "அடுத்த ட்ரம்மை நான் தொடோணும்னா நான் சொல்றதை எழுது"ன்னேன். அப்ப அவனுக்குக் காட்டுல அறுப்பு நிக்குது. எலை முத்திடுச்சுன்னா அந்த வருஷமே போச்சு. எழுதறேனுங்கன்னான்.

"சிறுமுகை ஆறுக்குட்டி ஆகிய நான், என் எண்ணெயில் கலப்படம் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்." ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திச் சொன்னேன். எழுதிட்டு நிமிர்ந்து, "என்னத்தைக் கலந்தேன்னு எழுதறதுங்க மேடம்?"னு கேட்டான். நடிப்பைப் பாரு. அதை நீதான் சொல்லோணும்னேன். யோசிச்சான். நெஜமாவே யோசிச்சான் அம்மிணி, பேனாவைக் காதுல வெச்சுக்கிட்டு. "தெரியலீங்களே"ன்னான். சரி, பிற பொருள்னு எழுதுன்னேன். 'பிற பொருள்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஸ்டாஃபு ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்து. அன்னைக்கு நான் வீட்டுக்கு வந்து நிம்மதியாச் சாப்பிட்டேன்.

நாப்பது நாள் கழிச்சு எட்டாவது ட்ரம்மு வந்துச்சு. மூடியைத் தொறந்ததுமே தெரிஞ்சுது. மஞ்சளுன்னா அப்படியொரு மஞ்சளு. மூக்குல சுருக்குனு ஏறுச்சு. மெஷின்ல ஏத்தினேன். பாரா சைமீன் பத்தொம்பது! டிரேசிங் பேப்பரை மேல வெச்சு ஜன்னல்ல புடிச்சேன், ஒரு மயிரிழை வெலகலை. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பன்னெண்டு வருஷத்துல அப்படியொரு சார்ட்டை நான் பார்த்ததில்லை. அவனைக் கூப்பிட்டு, "பார்த்தியா, ஒழுங்கா இருக்கோணும்னு நெனச்சா முடியுதல்ல?"ன்னேன். "ஆமாங்க மேடம்"னான். தலையே நிமிரலை. பாஸ் பண்ணி விட்டேன்.

அந்த ட்ரம்முதான் நம்ம கம்பெனியோட, பருவுக்குப் போடற கிரீம்ல போச்சு. அதான், காலேஜ் புள்ளைங்க வாங்கறது. ஆறு மாசத்துல கடுதாசியும் போட்டோவும் வந்து குமிஞ்சுது. கன்னமெல்லாம் செவந்து, தோலு உரிஞ்சு, சில புள்ளைங்க பரீட்சைக்கே போகலையாம். சின்னவரு சரக்கை வெளி லேப்புக்கு அனுப்பினாரு. ஆக்சிடைஸ் ஆன எண்ணெய், தோலுக்கு ஆகாதுன்னு ரிப்போர்ட்டு. விசாரணை வெச்சாங்க. ஆறுக்குட்டியைக் கூப்பிட்டுக் கேட்டா, எந்திரிச்சு நின்னு எல்லாத்தையும் அவனே சொல்றான். "மேடம் பாட்டில் மாதிரியே வரோணும்னு, மொட்டை மாடில அண்டாவுல ஊத்தி நாப்பது நாள் வெய்யில்ல வெச்சனுங்க. நல்ல எண்ணெய்ங்க அது. நாந்தான் கெடுத்தனுங்க"ன்னான்.

பார்த்தியா? அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். நல்லவேளை நான் முன்னாடியே எழுதி வாங்கி வெச்சிருந்தேன். அந்தத் தாளை எடுத்துச் சின்னவர் கையில குடுத்தேன். அவர் அதைச் சங்கத்துக்கு அனுப்பினாரு, அவங்க நோட்டீஸ் போர்டுல ஒட்டி, அவன் பேரையும் எடுத்துட்டாங்க. கம்பெனிப் பேரு தப்பிச்சுது. எனக்கு ரிட்டயர்மெண்டு அன்னைக்குச் சால்வை போட்டுப் பாட்டிலையும் எங்கையிலயே குடுத்துட்டாங்க. லேப்புல புதுசு வாங்கிக்கறோம்னாங்க. மரியாதைதானே அது. வேறென்ன?

இந்தக் கையைப் பாரு. வெரல் இடுக்கெல்லாம் வெடிச்சு, தண்ணி பட்டா உசுரு போகுது. அவனோட எட்டு ட்ரம்மையும் நான் தொட்டுத் தொட்டுப் பார்த்ததோட வெனை. டாக்டரு என்னென்னமோ களிம்பு குடுத்தாரு, ஒண்ணும் கேக்கலை. எம்பாட்டில்ல இருந்து காலையில ரெண்டு சொட்டு, ராத்திரி ரெண்டு சொட்டு தேச்சுக்கறேன். போட்டதும் திகுதிகுன்னு எரியும். எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். எதுக்குக் கையைப் புடிக்கறே? விடு அம்மிணி. நீ சொல்லி நான் நிறுத்தோணுமா?

இப்ப நீ வந்து, ஃபிரிட்ஜுல பழைய சாம்பிள் இருந்துச்சு, அவனோட மொத ட்ரம்முல எடுத்து அரக்கு வெச்சு மூடினதுங்கறே. அதைத் தொறந்து ஏத்தினா ஃபோர் ஆல் நாப்பத்திரண்டு, சினியோல் ரெண்டு, பாரா சைமீன் மூணு, இதைவிடச் சுத்தமான எண்ணெயை நான் பார்த்ததே இல்லைங்கறே. சாம்பிளை வாய் வரைக்கும் நெப்பி அரக்கு வெச்சு மூடினது யாரு? நான்தான். என் ஒழுக்கத்தை வெச்சே என்னைக் குத்தறே.

இரு. நீ சொல்றது சரின்னே வெச்சுக்குவோம். பேச்சுக்குத்தான். அப்ப அவன் ஒருத்தன் மட்டும் இல்லையே அம்மிணி. காரமடை அண்ணந்தம்பிங்க ரெண்டு பேரு. பொகளூர்ல அந்த விதவைப் பொம்பளை, பாய்லரைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டுத் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போச்சு. ஆலாந்துறைக்காரன். பவானிசாகர்ல ஒருத்தன், பேரு மறந்துட்டேன், அவன் ட்ரம்மை எடுக்கவே வரலை, ஒரு வருஷம் அந்த ஸ்டாப்புலயே கெடந்துச்சு. இப்படி மொத்தம் பதினோரு பேரு. இதுல நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு அந்தப் பதினோரு பேரும் ஆளுக்கொரு கடுதாசியோட இந்தக் கேட்டுல வந்து நிப்பாங்க. அந்தப் புள்ளைங்க மூஞ்சியும் என் கணக்குல வந்துரும். அப்பறம் நான் யாரு?

சீ. அப்படியெல்லாம் இருக்காது. பதினோரு பேரும் ஒழுங்கு, ஒரு பாட்டில் மட்டும் தப்புன்னு எங்கயாவது உண்டா?

எட்டிப் பார்த்தேன், இன்னும் நின்னுட்டுத்தான் இருக்கறான். துண்டை எடுத்துத் தலையில போட்டுக்கிட்டான். எளைச்சுட்டான், ஆமா. நீ அவன்கிட்ட என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தே? மேடம் நல்லவங்க, எடுத்துச் சொன்னாப் புரிஞ்சுக்குவாங்கன்னா? அவன் நம்பினானா? நம்பித்தான் வந்திருப்பான், சலவைச் சட்டை போட்டுட்டு வந்திருக்கறானே.

குடு அந்தக் கடுதாசியை. உம்பேனா வேண்டாம், அது நீலம். அந்த டிராயர்ல என் பேனா இருக்கும் பாரு, எடு. செவப்புதான். எனக்கு அதுலதான் கையெழுத்து வரும். கை வெடிச்சுக் கெடக்குது, மெதுவாத்தான் எழுத முடியும். அவசரப்படுத்தாதே.

"மேற்படி எண்ணெய் ஸ்டாண்டர்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. ஒத்து வரவில்லை." கீழ வத்சலா. தேதி.

கையெழுத்துதானே கேட்டே? போட்டுட்டேன். எதுக்கு இப்படி நின்னுட்டிருக்கறே, வாங்கிக்க. கொண்டுபோய் நீயே அவன் கையில குடு. தமிழ்லதான் எழுதியிருக்கறேன், நீ படிச்சுக் காட்ட வேண்டியதில்லை. படிச்சுட்டு, அன்னைக்கு மாதிரியே "அப்ப நான் என்னத்தைக் கலந்தேனுங்க"ன்னு கேட்டான்னா, மேடத்துக்கிட்ட அதெல்லாம் இனிக் கேக்க முடியாது, அவங்க ரிட்டயர் ஆயிட்டாங்கன்னு சொல்லிரு.